கொத்தமல்லிக் கோடு

அந்த நாற்காலி வேணாம் மேடம், ஒரு கால் ஆடும். இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஃபேன் ஓடாது. வாலிபால் வலையெல்லாம் இங்க கொண்டாந்து போட்டுட்டாங்க பாருங்க, அதுல கால் மாட்டிடாம. ஜியாலஜி மியூசியம்னு வெளியில போர்டு இன்னும் தொங்குது. உள்ள பூரா விளையாட்டுச் சாமான். மூணு வருஷமா பிள்ளைங்க சேரலன்னு துறையையே மூடிட்டாங்க. நான் ஒருத்திதான் மிச்சம். ஆபீஸ்ல மணி அடிக்கிறேன், தபால் கொண்டு போறேன். சாவி மட்டும் என்கிட்ட இருக்கு.

சின்னப்பராஜ் விஷயமாத்தானே வந்திருக்கீங்க? பிரின்சிபால் சொன்னாரு. யுனிவர்சிட்டியிலேர்ந்து ஒரு அம்மா வருவாங்க, அந்தப் பழைய விசாரணையப் பத்திக் கேப்பாங்க, தெரிஞ்சத சொல்லு, தெரியாதத சொல்லாதன்னாரு. எனக்குத் தெரியாதது எதுவும் இல்ல மேடம். இந்த ரூம்ல பதினாறு வருஷம். என் பேரு செங்கமலம். எழுதிக்கங்க. எங்க வீட்டுக்காரரு இங்கதான் லேப் அட்டெண்டரா இருந்தாரு. சிமெண்ட் லாரி அடிச்சிருச்சு, காலேஜ் வாசல்லயே. கருணை அடிப்படையில எனக்குக் குடுத்தாங்க இந்த வேலையை.

நான் அவனக் குறை சொல்லல. முதல்லயே சொல்லிடுறேன். சோறு போட்ட கை குறை சொல்லாது. ஆனா ஒரு நியாயம் வேணுமில்ல? அதத்தான் ரெண்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கேன். நெஞ்சுல கல்லு மாதிரி கிடக்கு.

அவன் ஊரு இங்கேர்ந்து பத்து மைல். அப்பா சர்ச்சுல மணி அடிக்கிறவரு. எம்.எஸ்.சி. இங்கயே படிச்சான், பி.எச்.டி.யும் இங்கயே சேந்தான். மத்த பிள்ளைங்க எல்லாம் என்னை ‘ஏம்மா’ம்பாங்க, ‘ஆயா’ம்பாங்க. அவன் ஒருத்தன்தான் ‘அக்கா’. மத்தியானம் சாப்பாடு கொண்டு வர மாட்டான். ரெண்டு பன்னு வாங்கிட்டு வந்து அந்த ஜன்னலோரம் உக்காந்து தின்பான். பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? அன்னையிலேர்ந்து எனக்குக் கட்டுற டிபன் கேரியர்ல ஒரு அடுக்கு ரசஞ்சோறு அவனுக்கு.

அந்த ரசத்தாலதான் நான் கல்லு பாக்கக் கத்துக்கிட்டேன் மேடம். சிரிக்காதீங்க. சுருட்டின கல்லு இருக்கே, நத்தை மாதிரி, அது இந்தப் பக்கத்து ஓடையில எல்லாம் கிடக்கும். ஒரு காலத்துல இங்கல்லாம் கடல் இருந்துச்சாம். அதுல ரெண்டு சாதி. அம்மோனைட்டு ஒண்ணு, நாட்டிலஸ் ஒண்ணு. பாத்தா ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் சுருள், ரெண்டும் உருண்டை, ரெண்டும் மண்ணு கலரு. நான் கேட்டேன், ‘எப்படிடா தம்பி ரெண்டையும் பிரிக்கிறீங்க’ன்னு. அவன் ரசத்துலேர்ந்து ஒரு கொத்தமல்லி இலையை எடுத்துத் தட்டுல விரிச்சான். ‘அக்கா, கல்லு மேல குறுக்கால கோடு போகும். அந்தக் கோடு இந்த இலை ஓரம் மாதிரி நெளிநெளியா, பல்லு பல்லா போனா அம்மோனைட்டு. வாழை மட்டையை வெட்டினா வருமே, அந்த மாதிரி வளைஞ்சு சும்மா போனா நாட்டிலஸ்’னான். அவ்வளவுதான். அன்னையிலேர்ந்து நான் தப்பு பண்ணதே இல்ல. கொத்தமல்லின்னா அம்மோனைட்டு. வாழை மட்டைன்னா நாட்டிலஸ். பிராக்டிகல் பரீட்சை நடக்கும்போது பிள்ளைங்க முழிக்குங்க. நான் டீ குடுக்குற மாதிரி உள்ள போயி, காதைத் தொட்டா நாட்டிலஸ், மூக்கைத் தொட்டா அம்மோனைட்டு. இத எழுதாதீங்க.

இன்னொண்ணும் சொன்னான். உள்ள ஒரு குழாய் ஓடுமாம், நரம்பு மாதிரி. நாட்டிலஸுக்கு நடுவால ஓடும், அம்மோனைட்டுக்கு முதுகோரமா ஓடும். ஆனா அத அறுத்துத்தான் பாக்கணும். அறுத்துட்டா கல்லு போச்சு. கோட்டப் பாத்துச் சொல்றதுதான் கெட்டிக்காரத்தனம்.

அந்த நாட்டிலஸ் இன்னும் எங்கயோ கடல்ல உயிரோட இருக்காம். அம்மோனைட்டு மட்டும் பூண்டோட அத்துப்போச்சு. ஒண்ணு விடாம, ஒரே சமயத்துல. மண்ணுல ஒரு அடுக்கு வரைக்கும் இருக்கும், அதுக்கு மேல ஒண்ணு கூட இருக்காது. கேட்டப்ப எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. ரெண்டும் ஒரே மாதிரி. ஒண்ணு பொழைச்சது, ஒண்ணு போயிருச்சு. யாரு செஞ்ச பாவம்?

சின்னப்பராஜுக்கு அதான் ஆராய்ச்சி. நாலு வருஷம் மேடம். வெயில்னு பாக்க மாட்டான், பழைய சைக்கிள்ல ஓடை ஓடையா போவான். கழுத்துப் பிடரி எல்லாம் கருத்துப் போயி, சட்டையில உப்பு பூத்து வருவான். ஒரு நாளு, புரட்டாசி பொறந்து ஒரு வாரம் இருக்கும், நான் இங்க கூட்டிக்கிட்டு இருக்கேன், ஓடி வர்றான். கையில ஒரு கல்லு. மண்ணு அப்பிக் கிடக்கு. ஒரு ஓரத்துல மட்டும் எச்சில் தொட்டுத் துடைச்சிருக்கான். ‘அக்கா, கொத்தமல்லி பாருங்க’ங்கிறான். பாத்தேன். கொத்தமல்லிதான். ‘சரிடா, இதுல என்ன, கூடை கூடையா கிடக்கே’ன்னேன். ‘இது மேல் அடுக்குல கிடந்துச்சுக்கா. எல்லாம் செத்ததுக்கு மேல’ன்னான்.

எனக்கு அப்பவும் புரியல. அப்பறம் அவனே சொன்னான். ஊரே வாரிக்கிட்டுப் போயி, எல்லாருக்கும் காரியம் பண்ணி முடிச்ச பிறகு, ஒருத்தன் கதவத் தட்டி ‘நான் இருக்கேன்’னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படியாம் இது. சொல்லும்போது அவன் கண்ணு கலங்கிருச்சு. எனக்கும் கலங்கிருச்சு. எங்க வீட்டுக்காரர நினைச்சுக்கிட்டேன்.

எச்.ஓ.டி. குலோத்துங்கன் சார் நம்பல. ‘இது நாட்டிலஸ்டா. சில நாட்டிலஸுக்கும் கோடு நெளியும். இல்லன்னா கீழ் அடுக்குல பொறுக்கிட்டு மேலன்னு சொல்றே’ன்னாரு. முகத்துக்கு நேரா. அவன் பதறல. ‘சார், கோட்டை லென்ஸ் வச்சுப் பாருங்க. ஒட்டியிருக்கிற மண்ணை எடுத்து மைக்ராஸ்கோப்ல பாருங்க. மண்ணுலயே பொடிசு பொடிசா உசிருங்க இருக்கும், அது எந்த அடுக்குன்னு சொல்லிடும்’னான். பெரிய நிபுணர் ஒருத்தர வடக்கேர்ந்து வரவழைக்கிறதா முடிவாச்சு. பூஜை லீவு முடிஞ்சு மறு திங்கக்கிழமை.

இங்கதான் மேடம் கவனமா எழுதணும்.

லீவு விடுறதுக்கு மொத நாளு அவங்க அப்பா சர்ச்சுப் படியில விழுந்து இடுப்பு முறிஞ்சிருச்சு. தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரி. போன் வந்ததும் இவனுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அந்தக் கல்ல ஒரு பிஸ்கட் டின்னுல, பேப்பர் சுத்தி வச்சிருந்தான். டின்ன என் கையில குடுத்து, ‘அக்கா, உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன், பத்திரமா பாத்துக்கங்க’ன்னான். என்னை நம்பித்தான்னு சொன்னான். எச்.ஓ.டி. கிட்ட குடுக்கல, கூடப் படிக்கிறவன்கிட்ட குடுக்கல. என் கையில குடுத்தான். மேடம், அந்த வார்த்தைக்கு நான் உசிரையும் குடுத்திருப்பேன்.

மறுநாளு ஆயுத பூஜை. எங்க துறையில ஆயுத பூஜைன்னா சும்மா இல்ல. மைக்ராஸ்கோப்புக்கு சந்தனம் குங்குமம், சுத்தியலுக்கு சந்தனம் குங்குமம், கல்லு அறுக்குற மிஷினுக்கு மாலை. பொரி, கடலை, வாழைக்கன்னு எல்லாம் நான்தான். வருஷா வருஷம் கல்ல மட்டும் துணியால தட்டி விடுவேன். அந்த வருஷம் யோசிச்சேன். நிபுணர் வர்றாரு. நம்ம பிள்ளைக்குப் பேரு வரப்போவுது. இந்த அலமாரியில நாப்பது சுருள் கல்லு நாப்பது வருஷத்து அழுக்கோட கிடக்கு. ஒவ்வொண்ணு மேலயும் வெள்ளை பெயிண்ட்ல ஒரு பொட்டு, அதுல கறுப்பு மையில நம்பரு, முகத்துல தேமல் மாதிரி. வர்றவரு என்ன நினைப்பாரு?

வெறும் தண்ணியில போகல. புளி போட்டுத் தேய்ச்சேன், போகல. அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு. சாரு பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கையில சுண்ணாம்புக் கல்லு மேல ரெண்டு சொட்டு ஆசிட் விடுவாரு. புஸ்ஸுன்னு நுரை கிளம்பும். நுரை வந்தா அழுக்கு போகுதுன்னுதானே அர்த்தம்? சோப்புக்கு வேற என்ன வேலை? ஒரு பிளாஸ்டிக் வாளியில தண்ணி, அதுல லேப் ஆசிட் ஒரு பாட்டில், கல்ல எல்லாம் உள்ள போட்டேன். அடேயப்பா, பால் பொங்குற மாதிரி பொங்குச்சு. சாப்பிட்டு வந்து எடுத்து, கம்பி நார் வச்சுத் தேய்ச்சேன். கையில கொப்புளம். இதோ, இந்த விரல்ல தழும்பு இன்னும் இருக்கு பாருங்க. சாயங்காலம் வரைக்கும் குனிஞ்ச முதுகு நிமிரல.

அவன் கல்ல விட்டுருவேனா? டின்னத் திறந்தேன். மத்ததாவது அழுக்கு, அது பூராவும் மண்ணு. அதத்தான் மொதல்ல போட்டேன். ரெண்டு தடவை போட்டேன். ஒத்தப் பிள்ளைய மட்டும் குளிக்க வைக்காம கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவாங்களா?

அப்பறம் வெயில்ல காய வச்சு, ஒவ்வொண்ணுக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வச்சு, பெரிய டிரேயில மஞ்சத் துணி விரிச்சு அடுக்குனேன். நாப்பத்தொண்ணு. அவன் கல்லும் அதுல ஒண்ணு. டின்னுக்குள்ள தனியா கிடக்குறதுக்கு அதுக்கு என்ன தலையெழுத்து? ஒரே மாதிரி இருக்கிறதெல்லாம் ஒண்ணா இருந்தாத்தான் அழகு. சொன்னா நம்ப மாட்டீங்க, அம்மன் கோயில் அகல் விளக்கு மாதிரி பளபளன்னு இருந்துச்சு.

திங்கக்கிழமை காலையில தஞ்சாவூர்லேர்ந்து நேரா வந்தான். தாடி, கசங்குன சட்டை. மொதல்ல டின்னத்தான் தேடுனான். காலி டின்னு. ‘அக்கா, கல்லு?’ன்னான். நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து, டிரே மேல போட்டிருந்த துணிய எடுத்தேன்.

அவன் ஒண்ண எடுத்தான். ஜன்னல்கிட்ட கொண்டு போயி வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தான். வச்சான். இன்னொண்ணு எடுத்தான். இப்படி நாப்பத்தொண்ணும். கண்ணக் கசக்கிக் கசக்கிப் பாத்தான். ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சவன்தானே. கடைசியில, ‘அக்கா, என்னோடது எது?’ன்னான். ‘எல்லாம் நம்மளோடதுதானேடா தம்பி’ன்னேன். அப்படியே தரையில உக்காந்துட்டான்.

நான் பொரியும் கடலையும் வெல்லமும் கொண்டாந்து குடுத்தேன். கையில வாங்கிக்கிட்டான். கொஞ்ச நேரம் என்னையே பாத்தான். என்ன பார்வைன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல எனக்கு. அப்பறம், ‘நல்லா பளபளன்னு இருக்குக்கா’ன்னான். அந்த ஒரு வார்த்தை. எனக்கு வயிறு குளுந்து போச்சு.

பதினோரு மணிக்கு நிபுணர் வந்தாரு. வெள்ளைத் தாடி, கழுத்துல லென்ஸு. நான் டீ எடுத்துக்கிட்டு வாசப்படிகிட்ட வர்றேன். எச்.ஓ.டி. முகம் செவந்து கிடக்கு. நிபுணரு ஒரு கல்ல லென்ஸ்ல பாத்துட்டு இங்கிலீஷுல என்னமோ சொல்லிக் கீழ வச்சிட்டாரு. எச்.ஓ.டி. கேக்குறாரு, ‘யாருடா இதக் கழுவுனது?’

எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு மேடம். பதினாலு வருஷத்துல மொத தடவையா ஒருத்தர் கேக்குறாரு, யாரு கழுவுனதுன்னு. டீ டிரேயோட ஒரு காலை உள்ள எடுத்து வைக்கிறேன், ‘நான்தான் சார்’னு சொல்ல வாயத் திறக்குறேன். அதுக்குள்ள அவன் சொல்றான்:

‘நான்தான் சார் கழுவுனேன். ஆசிட்ல.’

கேட்டீங்களா? நான்தான் கழுவுனேன்ங்கிறான். சொல்லிட்டு என்னப் பாத்து, வாயத் திறக்காதங்கிற மாதிரி தலையை ஆட்டுறான். கொப்புளம் என் கையில, பேரு அவனுக்கு. நோகாம நுங்கு தின்னுறதுன்னு சொல்லுவாங்களே, கண்ணால பாத்தேன். சோறு போட்ட மகராசிய ஒரு நொடியில கழட்டி விட்டுட்டான்.

எச்.ஓ.டி. கத்துறாரு. ‘மண்ணுதான்டா சாட்சி, கோடுதான்டா அடையாளம். ரெண்டையும் கரைச்சுட்டு வந்து நிக்கிறியே. வெளிச்சத்துக்கு வந்தா பொய் தெரிஞ்சிரும்னு நீயே அழிச்சுட்டியா?’ன்னு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். மண்ணு எங்கயாவது சாட்சி சொல்லுமா மேடம்? குலோத்துங்கன் சாருக்கு எப்பவும் வாய் அதிகம். ஆனா கழுவுனத ஒத்துக்கிட்டு நின்னான் பாருங்க, அதுதான் என்னைச் சுட்டுச்சு.

விடல நான். படிக்கட்டுல மறிச்சேன். ‘ஏன்டா தம்பி, நான் செஞ்ச வேலையை நீ செஞ்சேங்கிறியே, அடுக்குமா? நான் இப்பவே போயி சார்கிட்ட சொல்லிடுறேன்’னேன். அவன் என்ன பண்ணுனான் தெரியுமா, என் கையை எடுத்து அவன் தலை மேல வச்சுக்கிட்டான். ‘என் மேல சத்தியமா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுக்கா. நீங்க ரிட்டயர் ஆகுற வரைக்கும் வாயத் திறக்கக் கூடாது’ன்னான். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்க. பேரையும் எடுத்துக்கிட்டு என் வாயையும் தச்சுட்டான்.

எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ உண்டு, அதையும் சொல்லிடுறேன், நாளைக்கு மறைச்சேன்னு வரக் கூடாது. அதுக்கு மூணு வருஷம் முன்ன மழைக்காலத்துல வாசல்ல பள்ளம் விழுந்து தண்ணி நின்னுச்சு. உள்ள ஒரு மூட்டைக் கல்லு சும்மா கிடந்துச்சு, கொட்டிப் பள்ளத்த மூடுனேன். அது யாரோ இமயமலையிலேர்ந்து கொண்டாந்த கல்லாம். இன்னொரு தடவை இப்படி நடந்தா வேலை போயிரும், பென்ஷனும் போயிரும்னு எச்.ஓ.டி. எழுதிக் குடுத்தாரு. அதுக்குப் பதில் எழுதித் தந்ததே சின்னப்பராஜ்தான். ரெண்டு பக்கம், தமிழ்ல, படிச்சா கல்லும் கரையும். அப்படி இருந்த பிள்ளை.

அப்பறம் விசாரணை, அது இது. தடயத்த அழிச்சான்னு அவன் பேரை எடுத்துட்டாங்க. நாலு வருஷ ஆராய்ச்சி போச்சு. வேற எந்தக் காலேஜுலயும் சேத்துக்கல, அந்த விசாரணைப் பேப்பரு அவனுக்கு முன்னாடியே அங்க போயிருமாம். ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருக்கலாமில்ல? பேசல. அவங்க அப்பா படுத்த படுக்கை. இப்ப சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல கிரஷர்கிட்ட நிக்கிறானாம். லாரி லாரியா கல்லு வந்து விழும், அரைபட்டு மாவா போகும். அதுல சுருள் கல்லும் கிடக்குமாம். நெளிக் கோடு இருந்தாலும் ஒண்ணுதான், நேர் கோடு இருந்தாலும் ஒண்ணுதான். சிமெண்டுக்கு எது நாட்டிலஸ், எது அம்மோனைட்டு?

ரெண்டு வருஷத்துல ஒரே ஒரு தடவை பாத்தேன், பஸ் ஸ்டாண்டுல. தலை முடியெல்லாம் வெள்ளைத் தூசி. நானே போயி நின்னேன். எப்படி இருக்கீங்கன்னு கேக்குறான், மேகலா எப்படி இருக்கான்னு கேக்குறான். என் மக மேகலா, புருஷன் விட்டுட்டுப் போயி ரெண்டு பிள்ளையோட என்கூடத்தான் இருக்கா. பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போவுதான்னு கேட்டான். அப்பறம் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி. ‘உங்களுக்கு இன்னும் எத்தனை வருஷம் சர்வீஸ் இருக்குக்கா?’ என் வேலை மேல கண்ணு போல இருக்கு. ‘ஏன், அதையும் நீயே எடுத்துக்கிறியா’ன்னு கேட்டுட்டேன். சிரிச்சான். பஸ் வந்துச்சு, ஏறிட்டான்.

கேட்டது தப்புதான். அன்னிக்கு ராத்திரி சோறு இறங்கல எனக்கு. அவன் இல்லாம இந்த ரூம்ல மத்தியானம் தனியா தின்னு பாருங்க, தெரியும். இன்னும் கேரியர்ல ஒரு அடுக்கு கூடத்தான் கட்டுறேன். பழக்கம்.

இருங்க, டிரேயக் காட்டுறேன். பூட்டித்தான் வச்சிருக்கேன். மாசத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போடுவேன். பாருங்க. எடுத்துப் பாருங்க, உடையாது. போட்டோ கொண்டாந்திருக்கீங்களா? அவன் எடுத்ததா? கழுவுறதுக்கு முன்ன எடுத்தது. ஆமா, ஆமா, கொத்தமல்லி. அந்த ஓரத்துல துடைச்சிருந்தானே, அதேதான். அதே ஓடையில, அதே மேல் அடுக்குல, வேற யாரோ இன்னொண்ணு எடுத்திருக்காங்களா? அப்படின்னா இவன் சொன்னது நிஜம்தானா? இதுல அந்தக் கல்லு எதுன்னு கண்டுபிடிச்சா அவன் மேல இருக்கிற பேரு போயிருமா?

அப்ப தேடுங்க மேடம். நிதானமா தேடுங்க. நாப்பத்தொண்ணுல ஒண்ணு அதுதான், வெளியில போகல, நான் பத்திரமாத்தான் வச்சிருக்கேன்.

என்ன, வச்சிட்டீங்க?

எனக்கும் தெரியறதில்ல மேடம். சில நாள் மத்தியானம் ஒண்ணொண்ணா எடுத்து, அவன் நின்ன மாதிரியே ஜன்னல்கிட்ட நின்னு பாப்பேன், கொத்தமல்லி எங்கயாவது தெரியுதான்னு. முன்னெல்லாம் கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். இப்ப எது எதுன்னு பிடிபடல. வயசாச்சு, கண்ணு மங்கிருச்சுன்னு போன தையில கண்ணாடி மாத்துனேன். ஊசியில நூலு கோக்குறேன், பேப்பர் படிக்கிறேன். இந்தக் கோடு மட்டும் தெரியல.

விடுங்க. தெரியறத எழுதுங்க. நீங்களா வந்து கேட்டீங்க, கேட்டதுக்குச் சொன்னா சத்தியத்த மீறுனதா ஆகாது. எழுதுங்க: லேப் அட்டெண்டர் செங்கமலமாகிய நான், ஆயுத பூஜை அன்னைக்கு, என் கையால, இந்த நாப்பத்தொரு கல்லையும் கழுவினேன். சின்னப்பராஜ் கழுவல. அவன் அன்னைக்கு ஊர்லயே இல்ல. இவ்வளவுதான். கையெழுத்து போடுறேன், எனக்குத் தமிழ்ல நல்லா வரும். வேற எதுவும் வேணாம் எனக்கு. என் வேலை என் பேர்ல இருக்கணும்.

எழுதலையா?

எப்ப ரிட்டயர்மெண்டா? அத எதுக்குக் கேக்குறீங்க. வர்ற ஜூலை முப்பத்தொண்ணு. இன்னும் நாலு மாசம். இல்ல, வேற வருமானம் கிடையாது, பென்ஷன் வந்தாத்தான், மேகலாவும் பிள்ளைங்களும் அத நம்பித்தான். உங்க ரிப்போர்ட்டு எப்ப குடுக்கணும்? இந்த வெள்ளிக்கிழமையா? அதுக்கப்பறம் கேஸ மறுபடி எடுக்க மாட்டாங்களா?

ஏன் மேடம் பேனாவ மூடுறீங்க? மை தீந்துருச்சா? என்கிட்ட இருக்கு, இந்தாங்க.

வேணாமா.

நீங்களும் அவன மாதிரியே தலையை ஆட்டுறீங்களே. இவ்வளவு நேரம் கேட்டீங்க, ஒரு வரி எழுத மனசு வரல பாருங்க உங்களுக்கு. படிச்சவங்க படிச்சவங்களுக்குத்தான் ஆதரவு. சரி, போங்க. பஸ் மூணே காலுக்கு, விட்டா அஞ்சுக்குத்தான். போட்டோவ எடுத்துக்கங்க, இங்க இருந்தா கரையான் அரிச்சுரும்.

கண்ணத் தொடாதீங்க. கையெல்லாம் எண்ணெய். அந்தக் கைய இப்படி நீட்டுங்க, துடைச்சு விடுறேன்.